டே ஆற்றங்கரையில் பழைய கல் வீடு: டன்கெல்ட், பர்னம் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு

#1 கரையோரம்

வணக்கம். ஸ்காட்லாந்தில், டே ஆற்றங்கரை ஊரான டன்கெல்டில் ஒரு வீடு பார்வையில் இருக்கிறது. விவரம் இதுதான்: கன்சர்வேஷன் ஏரியாவுக்குள், சி பிரிவு லிஸ்டட் (பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம் என்று அரசுப் பட்டியலில் உள்ளது), இரண்டு தளம், கரடுமுரடான கல் சுவர் சுமார் 600 மி.மீ. தடிமன், வெளியே சிமென்ட் ஹார்லிங் (சொரசொரப்பான வெளிப்பூச்சு), ஸ்லேட் கூரை. ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். ஹோம் ரிப்போர்ட் (விற்பவர் தரும் சர்வேயர் அறிக்கை) மதிப்பு 2,55,000 பவுண்ட். "கீழ்த்தளச் சுவர்களில் அதிக ஈர அளவு, நிபுணர் அறிக்கை பெறவும்" என்று அந்த அறிக்கையில் பழுது பிரிவு 2 (பிற்பாடு கவனிக்க வேண்டியது) போட்டிருக்கிறார்கள். வாங்குபவர்கள் கணவன் மனைவி இருவர், இப்போது பெர்த்தில் வாடகை வீடு, சென்னையில் ஒரு ஃபிளாட் சொந்தம்.

கேள்விகள்: ஓதம் (சுவர் ஈரம்) எவ்வளவு பெரிய பிரச்சினை? வெள்ளம்? லிஸ்டட் வீட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? முன்கூட்டியே கணக்குப் போட வேண்டிய செலவு எது?

#2 சட்டப்புள்ளி

ஓதத்துக்கு முன்னால் சென்னை ஃபிளாட்டைப் பேசிவிடுவோம். பெரிய செலவு அதில்தான் ஒளிந்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் வீடு வாங்கும்போது கட்டும் வரி எல்.பி.டி.டி. 1,45,000 வரை எதுவும் இல்லை. அதற்கு மேல் 2,50,000 வரை 2 சதவீதம், 2,50,000 முதல் 3,25,000 வரை 5 சதவீதம். 2,65,000-க்கு முடிந்தால் 2,100 + 750, ஆக 2,850 பவுண்ட். இது எல்லாரும் போடும் கணக்கு.

எல்லாரும் தவறவிடுவது ஏ.டி.எஸ். என்கிற கூடுதல் வீட்டு வரி. உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள இன்னொரு வீடு இருந்தால் இது விழும். இன்றைய மாற்று விகிதத்தில் அது அரைக்கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. சென்னை ஃபிளாட் அநேகமாக அதைத் தாண்டிவிடும். 2024 டிசம்பர் 5 முதல் விகிதம் 8 சதவீதம். அதுவும் முழு விலைக்கும். 2,65,000-க்கு 21,200 பவுண்ட்.

"வாடகை வீட்டிலிருந்துதானே போகிறோம், குடியிருக்கத்தானே வாங்குகிறோம்" என்ற வாதம் எடுபடாது. விதிவிலக்கு, ஏற்கெனவே சொந்தமாக வைத்துக் குடியிருந்த முதன்மை வீட்டை விற்றுவிட்டு மாறுபவர்களுக்கு. வாடகைக்கு இருந்தவருக்கு விற்க அப்படி ஒரு வீடு கிடையாது. ஃபிளாட் மனைவி பெயரில், இங்கே வாங்குவது கணவன் பெயரில் என்றாலும் தப்பிக்க முடியாது. தம்பதியை ஒரே அலகாகத்தான் பார்ப்பார்கள். பரம்பரைச் சொத்தில் வந்த பங்கும் கணக்கில் சேரும். முதல் வீடு வாங்குபவருக்கான சலுகையும் கிடைக்காது, அதற்கு உலகில் எங்குமே வீடு வைத்திருந்திருக்கக் கூடாது.

ஃபிளாட்டை விற்கிற எண்ணம் இருந்தால், இங்கே சாவி கைமாறும் நாளுக்கு முன்பே விற்பனை முடிந்திருக்க வேண்டும். பிறகு விற்றுவிட்டுத் திரும்பக் கேட்டால் கிடைக்காது, ஏனென்றால் அது உங்கள் முதன்மைக் குடியிருப்பாக இருக்கவில்லை. ஆஃபர் போடும் முன்பே சொலிசிட்டரிடம் (வீட்டு வக்கீல்) வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அவர்களாக "இந்தியாவில் வீடு உண்டா" என்று கேட்பார்கள் என எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று. விலை "ஆஃபர்ஸ் ஓவர்" (இதற்கு மேல் கேளுங்கள்) என்று போட்டிருந்தால், வங்கி ஹோம் ரிப்போர்ட் மதிப்புக்குத்தான் கடன் தரும். 2,55,000 மதிப்புள்ள வீட்டுக்கு 2,65,000 கொடுத்தால், அந்த 10,000 டெபாசிட்டுக்கு மேல் கையிலிருந்து ரொக்கம். குளோசிங் டேட் (எல்லாரும் ஆஃபர் கொடுக்கக் கடைசி நாள்) வைத்துவிட்டார்கள் என்றால் மூடிய உறையில் ஒரே ஒரு தொகை. பேரம் கிடையாது.

#3 சுவர்க்கோழி

ஈர அளவு விஷயத்துக்கு வருகிறேன். சர்வேயர் கையில் இருப்பது இரண்டு ஊசி உள்ள மீட்டர். அது மரத்தின் ஈரத்தை அளக்கச் செய்த கருவி. கல் சுவரிலும் பூச்சிலும் குத்தினால் அது அளப்பது மின்கடத்துதிறனை. பூச்சில் உப்பு ஏறியிருந்தால் காய்ந்த சுவரிலும் முள் சிவப்புக்குப் போகும். ஆக, ஏதோ கவனிக்கணும் என்பதற்கு மேல் அந்த வரிக்கு அர்த்தம் இல்லை.

அடுத்து "நிபுணர் அறிக்கை". இலவசமாகப் பார்க்க வருகிறேன் என்பவர் பெரும்பாலும் ரசாயன ஊசி விற்பவர். சுவர் அடியில் வரிசையாகத் துளை போட்டு சிலிக்கோன் ஏற்றுவார். செங்கல் சுவரில் அதற்கு ஒரு தர்க்கம் உண்டு, ஒரே மட்டத்தில் சாந்து வரிசை ஓடும். இங்கே உள்ள சுவர் உள்ளும் புறமும் இரண்டு கல் அடுக்கு, நடுவில் கல் சில்லும் சுண்ணாம்புமாகக் கொட்டிய நிரப்பு. மட்டமான வரிசையே இல்லை. ஊசி எங்கே போய்ச் சேரும் என்று போட்டவருக்கே தெரியாது. காசு கொடுத்து, எதையும் விற்காத, பழைய கட்டடங்களில் தேர்ந்த சர்வேயரைக் கூப்பிடுங்கள். சில நூறு பவுண்ட் ஆகும். ஊசிக்கு ஆகும் ஆயிரங்களோடு ஒப்பிட்டால் லாபம்தான்.

ஓதம் எங்கே தெரிகிறது என்பதே பாதி பதில்:

தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் பட்டையாக இருந்தால் வெளியே மண் மட்டத்தைப் பாருங்கள். நூற்றாண்டுகளாகத் தெரு உயர்ந்து உயர்ந்து வெளி மட்டம் உள் தரைக்கு மேலே போயிருக்கும். உள் தரைக்குக் கீழே 150 முதல் 200 மி.மீ. வரை வெளி மண் இறங்க வேண்டும். முடியாவிட்டால் சுவரை ஒட்டிச் சரளைக்கல் வடிகால்.

மாடி மூலையில், மேலிருந்து கீழே ஒழுகிய தடம் என்றால் ரோன். கூரை ஓரத் தண்ணீர்க் கால்வாயை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். வார்ப்பிரும்பு ரோனின் மூட்டு விட்டிருக்கும், அல்லது கீழிறங்கும் குழாயின் பின்பக்கம் விரிசல். பின்பக்கம் பெயின்ட் அடிக்க யாருக்கும் கை எட்டாது, துரு அங்கேதான் பிடிக்கும். ஒரு கைக்கண்ணாடியைக் குழாய்க்குப் பின்னால் நீட்டிப் பாருங்கள்.

அறைக்குள் புகைபோக்கி ஏறும் சுவரில் பழுப்புக் கறை வந்து வந்து போனால் கரி உப்பு. காற்றில் ஈரம் கூடும்போது உறிஞ்சிக் கக்கும். மூடிய அடுப்பாக இருந்தால் மேலே மழைத்தொப்பி, கீழே காற்றுத் துளை, இரண்டும் வேண்டும்.

அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை வந்தால் அது சுவர் குற்றமில்லை, சமையலறைக் குற்றம். அதைப் பிறகு.

உங்கள் வீட்டில் என் முதல் சந்தேகம் சிமென்ட் ஹார்லிங் மேல்தான்.

#4 கரையோரம்

ஹார்லிங் பார்க்க உறுதியாக, வெள்ளையாக இருக்கிறதே? அதில் என்ன கோளாறு?

#5 சுவர்க்கோழி

உறுதியாக இருப்பதுதான் கோளாறு.

ஹார்லிங் என்பது சுண்ணாம்புச் சாந்தைப் பொடிக்கல்லோடு குழைத்துச் சுவரில் வீசி அடிக்கும் பூச்சு. சொரசொரப்பு அழகுக்காக இல்லை: பரப்பு கூடினால் மழை நின்றதும் வேகமாகக் காயும். டன்கெல்டின் பழைய வீடுகள் 1689 ஆகஸ்ட் சண்டையில் ஊர் எரிந்த பிறகு எழுந்தவை. 1950-களில் இடிந்து விழும் நிலைக்கு வந்தபோது பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து அதில் இருபது வீடுகளை எடுத்துச் செப்பனிட்டது. இன்றைக்குக் கதீட்ரல் தெருவில் படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்தக் குட்டி வீடுகள்.

இந்தப் பக்கத்துக் கல் பெரும்பாலும் சிஸ்ட், ஸ்லேட் வகை. கடினம், தண்ணீரைக் குடிக்காது. அப்படியானால் சுவர் மூச்சு விடுவது எதன் வழியாக? கல்லுக்கு இடையில் உள்ள சாந்து வழியாக மட்டும். அதை சிமென்டால் அடைத்தால் மூக்கைப் பொத்தின மாதிரி. சிமென்ட் பூச்சு அசையாது. பழைய சுவர் பருவத்துக்குப் பருவம் அசையும். மயிரிழை விரிசல் விழும், அதில் மழை நுழையும், வெளியே வர வழி இல்லாமல் உள்ளே நோக்கி நடக்கும். குளிரில் உறைந்து விரியும். பூச்சு சுவரை விட்டுப் பிரியும்.

சோதனை சுலபம். விரல் முட்டியால் தட்டுங்கள். நிறைந்த குடம் போல் மந்தமாகக் கேட்டால் ஒட்டியிருக்கிறது. வெற்றுக் குடம் போல் கேட்டால் பிரிந்துவிட்டது. வீடு பார்க்கப் போகும்போதே மேற்குச் சுவர் முழுக்கத் தட்டி, ஓசை மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஒன்று மட்டும்: அவசரப்பட்டு முழுச் சுவரையும் உரித்துவிடாதீர்கள். நன்றாக ஒட்டிய சிமென்டைப் பெயர்த்தால் கல்லின் முகமும் சேர்ந்து வரும். முதலில் ஒரு சதுர மீட்டர், கண் மறைவான இடத்தில். லிஸ்டட் வீடு என்பதால் அதற்கும் கவுன்சிலிடம் கேட்டுவிட்டு.

#6 கொத்தனார்கரண்டி

வினிகர் சொட்டு விட்டால் சிமென்டா சுண்ணாம்பா என்று தெரிந்துவிடும், நுரைத்தால் சுண்ணாம்பு.

#7 சுவர்க்கோழி

தவறு. பழைய சிமென்டும் நுரைக்கும், சிப்பி கலந்த மணலும் நுரைக்கும். சாவியால் கீறுங்கள். மாவாக உதிர்ந்து, இடையில் அரிசிப்பொரி போல வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் சாவியை வழுக்கிவிட்டால் சிமென்ட். சந்தேகம் இருந்தால், ஃபைஃபில் சார்ல்ஸ்டவுனில் இருக்கும் ஸ்காட்டிஷ் லைம் சென்டர் டிரஸ்டுக்குச் சாந்துத் துண்டு அனுப்பலாம். கலவை என்ன, எந்த மணல் பொருந்தும் என்று எழுதித் தருவார்கள்.

#8 கொத்தனார்கரண்டி

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். பாயிண்டிங், அதாவது கல் மூட்டுகளுக்குப் புதுச் சாந்து வைக்கும் முறையை நான் சொல்கிறேன். இணையத்தில் பாதிப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள்.

மூட்டின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மி.மீ., பழைய சாந்தை எடுக்க வேண்டும். உளியும் சுத்தியும் மட்டும். கிரைண்டர் பிடித்தால் மூட்டு அகலமாகி, கல்லின் ஓரம் வெட்டுப்பட்டு, சுவருக்குப் புது முகம் வந்துவிடும். உள்ளே ஆப்பு மாதிரி சிறு கற்கள் வரும்; அதைத் தூக்கிப் போடாதீர்கள், திரும்ப வைக்க வேண்டும். அகல மூட்டை வெறும் சாந்தால் நிரப்பினால் சுருங்கி வெடிக்கும்.

முதல் நாள் மாலையே சுவரை நனைக்கணும், வேலைக்கு முன் இன்னொரு தடவை. காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் அது இறுகாது, பொடியாகும். கலவை: என்.எச்.எல். 3.5 (ஈரத்திலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு; எண் கூடினால் கடினம் கூடும்) ஒரு பங்கு, பொடியும் பருமனும் கலந்த கூர்மணல் இரண்டரைப் பங்கு. என்.எச்.எல். 5 வேண்டாம், வீட்டுச் சுவருக்கு அது தேவைக்கு மேல் கடினம். தண்ணீர் குறைவாக. கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்கிற பதம்.

அழுத்தித் திணித்துவிட்டு அன்றைக்கு அதைத் தேய்த்து வழவழப்பாக்காதீர்கள். கொஞ்சம் இறுகியதும், வானிலையைப் பொறுத்து மறுநாள்கூட ஆகலாம், கடினமான பிரஷ்ஷால் குத்திக் குத்தித் தட்ட வேண்டும். மேலே பாலாடை போல் படிந்த சுண்ணாம்பு போய் மணல் தெரியும். பிறகு ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் சிமென்ட் பூசிவிட்டுத் தண்ணீர் விடுவோமே, அதே பொறுமை. ஆனால் இங்கே பகைவன் வெயில் இல்லை, காற்றும் உறைபனியும். 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்துங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் சீசன். "நவம்பரில் முடித்துத் தருகிறேன்" என்கிற கொத்தனாருக்கு வேலை கொடுக்காதீர்கள். வசந்தத்தில் சாந்து முழுக்கத் தரையில் கிடக்கும்.

#9 ஆத்தங்கரை_அக்கா

வெள்ளத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே. நான் சொல்லுறன்.

முதலிலை செபாவின்ரை (ஸ்கொட்லாந்தின்ரை சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம்) வெள்ள வரைபடத்திலை அந்தத் தபால் குறியீட்டைப் போட்டுப் பாருங்கோ. மூண்டு நிறம் இருக்கும். அதிக வாய்ப்பு எண்டால் வருசத்துக்கு 10 சதவீதம், நடுத்தரம் எண்டால் 0.5, குறைவு எண்டால் 0.1. "200 வருசத்துக்கு ஒருக்கா" எண்ட உடனை ஆறுதல் படாதேங்கோ. 25 வருச மோர்ட்கேஜ் காலத்துக்குக் கணக்குப் போட்டால் ஒருக்காவாவது வர 12 சதவீதம் வாய்ப்பு. எட்டிலை ஒண்டு மாதிரி. ஆற்று வெள்ளத்தை மட்டும் பாக்கிறது பிழை, மேற்பரப்பு மழைநீர் எண்டு வேறை ஒரு படலம் இருக்கு, அதையும் திறவுங்கோ. மலைச்சரிவிலை இருந்து இறங்கிற தண்ணிக்கு ஆறு பெருக வேணும் எண்டில்லை.

டே ஆறு பிரித்தானியாவிலை அதிகம் தண்ணி கொண்டு போற ஆறு. டன்கெல்டுக்கு மேலை, லோஜிரைட் கிட்ட டம்மல் ஆறு வந்து சேருது. டன்கெல்டுக்கு எதிர்க்கரையிலை பிரான் ஆறு. பிரான் சின்ன ஆறு, மழை பெய்ஞ்சால் கெதியா ஏறும், கெதியா வடியும். டே மெதுவா ஏறி நிண்டு வடியும். பெரிய ஆபத்து வெறும் மழையிலை இல்லை. 1993 ஜனவரி வெள்ளம் அப்பிடித்தான்: மலையிலை கனத்த பனி, திடீரெண்டு சூடு, அதோடை அடைமழை. ரேடியோவிலை "பனி உருகும், மழையும் வரும்" எண்டு ஜனவரி, பெப்ரவரியிலை சொன்னால் அண்டைக்குக் காரை மேட்டிலை விடுங்கோ. பிட்லோக்ரியிலை அணை இருக்குத்தானே எண்டு சிலர் சொல்லுவினம். அது மின்சாரத்துக்குக் கட்டினது, வெள்ளத்தைத் தடுக்க இல்லை.

செபாவின்ரை ஃபிளட்லைன் எண்ட எச்சரிக்கைச் சேவையிலை இலவசமாப் பதிஞ்சு வையுங்கோ. "அலேர்ட்" எண்டால் பரந்த பகுதிக்கு, ஆயத்தமா இருக்கச் சொல்லுறது. "வார்னிங்" எண்டால் உங்கடை இடத்துக்கு. அதுக்குப் பிறகு சாமான் தூக்க வேணும், யோசிக்க நேரம் இல்லை.

#10 கரையோரம்

அக்கா, வெள்ளத் தடுப்புப் பலகை போட்டால் போதாதா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

#11 ஆத்தங்கரை_அக்கா

கதவுக்குப் பலகை போடலாம், 600 மி.மீ. உயரம் வரைக்கும்தான். அதுக்கு மேலை தண்ணி வெளியிலை நிண்டால் அமுக்கம் சுவரையே தள்ளும். அந்த நேரம் உள்ளை விடுறதுதான் வீட்டுக்குப் பாதுகாப்பு. இன்னொரு விசயம், உங்கடை கல் சுவர் ஒரு சல்லடை. கதவை அடைச்சாலும் சுவருக்குள்ளாலையும் தரைக்குக் கீழாலையும் வரும். அதாலை பலகைக்கு ஒதுக்கிற காசிலை ஒரு பகுதியை வேறை சாமானுக்குப் போடுங்கோ: தரைக்குக் கீழை தேங்கிற தண்ணியை இறைக்கிற சம்ப் பம்ப், கழிவுக் குழாய்க்குத் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு, தானா மூடுற காற்றுச் செங்கல். பிளக் பொயின்றை மேலை தூக்குங்கோ, பொயிலரையும்.

எண்ணெய்த் தாங்கி இருந்தால் அதைக் கட்டி வையுங்கோ. ஹீட்டிங் ஒயில் தண்ணியை விடப் பாரம் குறைவு, நிறைஞ்ச தாங்கியும் மிதக்கும். மிதந்து குழாய் அறுந்தால் வீடு முழுக்க எண்ணெய். அந்த மணம் சுண்ணாம்புச் சுவரை விட்டுப் போகாது. ஆத்துக்கு 10 மீற்றருக்குள்ளை எண்டால் இரட்டைச் சுவர்த் தாங்கி கட்டாயம் வேணும்.

இன்சூரன்சுக்கு ஃபிளட் ரீ எண்டு, வெள்ள ஆபத்தைக் கம்பனியளிட்டை இருந்து பொறுப்பெடுக்கிற ஒரு ஏற்பாடு இருக்கு. 2009 ஜனவரி 1-க்கு முன்னம் கட்டின வீடுகளுக்கு, 2039 வரைக்கும். நீங்கள் நேரை அவையிட்டைப் போகேலாது, அதிலை சேர்ந்த கம்பனியிட்டை வழமை போலை கேட்டால் பின்னாலை அவை ஒழுங்கு செய்வினம். ஒஃபர் போட முன்னம் மேற்கோள் எடுங்கோ. வீட்டுப் பழைய உரிமையாளர் ஹோம் ரிப்போர்ட்டோடை வாற கேள்விப் படிவத்திலை வெள்ளம் பற்றி எழுதியிருக்க வேணும், அந்தப் பக்கத்தை வடிவா வாசியுங்கோ.

தண்ணி வந்து போனால்: ஹீட்டரை முழுச் சூட்டிலை போட்டுக் காய வைக்கக் கூடாது, மரம் முறுக்கிப் போகும். ஜன்னல் திறந்து, மெல்லிய சூடு. ஒரு அங்குலச் சுவருக்கு ஒரு மாதம் எண்டு பழைய கணக்கு. ரண்டு பக்கத்தாலையும் காய்ஞ்சாலும் 600 மி.மீ. சுவருக்கு ஒரு வருசம். சுண்ணாம்புப் பூச்சு அநேகமாத் தப்பும், ஜிப்சம் பலகை தப்பாது. கம்பனி ஆள் வந்து எல்லாத்தையும் உடைச்சு ஜிப்சம் போடுவம் எண்டால் விடாதேங்கோ. லிஸ்டட் வீட்டிலை அதுக்கு அனுமதியும் வேணும்.

#12 வெப்பமானி

குளிர் விஷயத்தில் ஒரு மாற்றுக் கருத்து. சுவர் மூச்சு விடணும், சரி. ஆனால் 600 மி.மீ. கல் சுவர் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே மரச்சட்டம் அடித்து, ஃபோம் பலகை வைத்து, ஜிப்சம் மூடினால் பில் நன்றாகக் குறையும். இதைச் செய்யாமல் "பாரம்பரியம்" என்று நடுங்கச் சொல்வது நியாயமா?

#13 சுவர்க்கோழி

பில் குறையும். ஆனால் நாளடைவில் மாடித் தரையின் உத்திர முனைகள் உளுத்துப் போகலாம். ஃபோமுக்குப் பின்னால் சுவர் முன்னைவிடக் குளிராகிவிடுகிறது; வீட்டுக் காற்றின் ஈரம் இடுக்கு வழியே அங்கே போய்ப் படிகிறது; சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரம் அதைக் குடிக்கிறது. கண்ணுக்குத் தெரிவது தரை ஆடும்போதுதான். லாத் (மெல்லிய மரப்பட்டை) அடித்துப் பூசிய சுவரானால் பின்னால் கையகலம்கூட இல்லாத ஓர் இடைவெளி இருக்கும். அதில் நுரையைப் பீய்ச்சினாலும் இதே கதை.

செய்தே ஆகணும் என்றால் மரநார்ப் பலகை 40 முதல் 60 மி.மீ., மேலே சுண்ணாம்புப் பூச்சு, இடையில் வெற்றிடம் இல்லாமல். இதற்குமேல் பேராசை வேண்டாம்.

#14 வெப்பமானி

மரநார் யோசனை ஏற்கிறேன். ஆனால் அதற்கு முன் வரிசை ஒன்று உண்டு என்பதில் நாம் ஒத்துப்போவோம்: மேற்கூரை, பிறகு காற்றிடுக்கு, பிறகு ஜன்னல், பிறகு தரை, கடைசியில்தான் சுவர்.

மேற்கூரையில் 270 மி.மீ. கம்பளி. கூரை ஓரம் வரை திணித்து அடைக்காதீர்கள், காற்று ஓட 50 மி.மீ. விடணும். ஸ்காட்லாந்தில் ஸ்லேட்டுக்கு அடியில் சார்க்கிங் என்ற பலகைத் தளம் உண்டு, அந்தப் பலகை மூச்சுத் திணறினால் இற்றுப்போய் ஸ்லேட் ஆணியைப் பிடிக்காது.

மரத்தரையானால் பலகைக்குக் கீழே நெட் கட்டி, விட்டங்களுக்கு நடுவே 100 மி.மீ. மரநார் அல்லது சணல். வெளியே தரையோடு இருக்கும் இரும்புச் சல்லடைத் துளைகளை "குளிர் வருது" என்று அடைத்துவிடாதீர்கள். முன்பு குடியிருந்தவர் அடைத்திருந்தால் திறப்பதுதான் முதல் வேலை.

ஜன்னலுக்கு ஆதாரமே இருக்கிறது. கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்துக்காக 2008-ல் அளந்தது. ஒற்றைக் கண்ணாடி சாஷ் ஜன்னலில் (மேலும் கீழும் நகர்த்தித் திறப்பது) கனத்த திரை 14 சதவீத இழப்பைக் குறைக்கிறது, மர ஷட்டர் 51, உள்பக்க இரண்டாம் கண்ணாடி 63. ஷட்டர் பெரும்பாலும் ஏற்கெனவே ஜன்னல் ஓரப்பெட்டிக்குள் மடங்கிக் கிடக்கும், மேலே பெயின்ட் அடித்து ஒட்டியிருப்பார்கள். ஒரு கத்தியால் பெயின்ட் கோட்டை வெட்டித் திறங்கள். செலவே இல்லாத 51 சதவீதம்.

#15 கரையோரம்

அப்போ பி.வி.சி. ஜன்னல் போட முடியாதா?

#16 சட்டப்புள்ளி

கேட்காமல் போட்டால் குற்ற வழக்கு. அபராதம் ஒரு பக்கம், கழற்றிவிட்டுப் பழையபடி செய்யச் சொல்வது இன்னொரு பக்கம்.

ஏ, பி, சி என்று பிரிவு எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். "சி-தானே, வெளியே மட்டும்தானே" என்பது தவறு. வீட்டின் உள்ளும் புறமும் அடங்கும். வளாகத்தில் 1948-க்கு முன் கட்டிய சுவரும் கொட்டகையும் சேர்த்திதான். உள்ளே பழைய கதவு, மாடிப்படிக் கைப்பிடி, பூச்சு அலங்காரம், எல்லாவற்றுக்கும் லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் வேண்டும். விண்ணப்பம் பெர்த் அண்ட் கின்ராஸ் கவுன்சிலுக்கு. இலக்கு எட்டு வாரம் என்று வைத்திருக்கிறார்கள். கூரை வேலை வசந்தத்தில் என்றால் இலையுதிர் காலத்திலேயே கொடுங்கள். அதே பொருள், அதே வடிவில் சின்னப் பழுதுபார்ப்புக்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. ஆனால் அதையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

முக்கியம்: முந்தைய உரிமையாளர் அனுமதி இல்லாமல் செய்த வேலை வீட்டோடு உங்களுக்கு வந்துவிடும். 1990-களின் பி.வி.சி. ஜன்னல், உடைத்த சுவர், எல்லாம். மிசிவ்ஸ் (விற்பனையை உறுதி செய்யும் ஒப்பந்தக் கடிதங்கள்) எழுதி முடிவதற்குள் சொலிசிட்டர் கேட்க வேண்டும். நேஷனல் டிரஸ்ட் செப்பனிட்டு விற்ற வீடு என்றால், பத்திரத்தில் பாதுகாப்பு நிபந்தனை இருக்கலாம். கவுன்சில் அனுமதியோடு டிரஸ்ட் சம்மதமும் தனியாக. பெண்ட் எனப்படும் வளைவுச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாதை உரிமை உண்டா என்பதும் அதே பத்திரத்தில்தான்.

#17 கூரைப்பூனை

ஸ்லேட்டைப் பற்றி இரண்டு வரி. இங்கே ஒவ்வொரு ஸ்லேட்டும் தலைப்பக்கம் ஒரே ஆணியில் தொங்கும், கீழே பெரியது மேலே போகப் போகச் சிறியது. ஒற்றை ஆணி என்பதால் உடைந்ததை மட்டும், பக்கத்து ஸ்லேட்டை ஒதுக்கிவிட்டு மாற்றலாம். ஸ்லேட் வெட்டிய பலாகூலிஷ் குவாரி 1955-ல் மூடியாயிற்று, ஆகவே கழற்றிய பழைய ஸ்லேட்டுதான். வீடு வாங்கும்போது தோட்டத்து மூலையில் ஸ்லேட் அடுக்கு இருந்தால் அதையும் விட்டுப்போகச் சொல்லி எழுதி வாங்குங்கள். ஒரு மழைக்காலத்தில் நாலைந்து விழுந்தால் பழுது. நாற்பது விழுந்தால் ஆணியே துருப்பிடித்துவிட்டது, முழுக் கூரையும் கழற்றி மாட்ட வேண்டும். அந்தச் செலவை விலையில் பேச முடியாவிட்டால் வீட்டை விட்டுவிடுங்கள்.

ரோன் சுத்தம் வருஷத்துக்கு இரண்டு முறை. இலை எல்லாம் விழுந்து முடிந்த பிறகு ஒன்று, வசந்தத்தில் ஒன்று. அக்டோபரில் செய்தால் நவம்பரில் மறுபடி நிறையும். இந்த ஊரைச் சுற்றி மரம் அப்படி.

#18 கரையோரம்

அலமாரிப் பூஞ்சை "சமையலறைக் குற்றம்" என்றது உறுத்துகிறது. சாதம் வடிப்பதை நிறுத்த முடியாதே!

#19 வெப்பமானி

நிறுத்த வேண்டாம். ஆவி வெளியே போக வழி செய்யுங்கள். அடுப்புக்கு நேர் மேலே ஹூட் என்றால் நொடிக்கு 30 லிட்டர், வேறிடத்தில் விசிறி என்றால் 60, குளியலறைக்கு 15. உறிஞ்சி வடிகட்டி உள்ளேயே விடும் ஹூட் வாசனைக்குத்தான் உதவும், ஈரத்துக்கு உதவாது. கல் சுவரில் புதுத் துளை போட அனுமதி வேண்டியிருப்பதால், பயன்படாத புகைபோக்கி வழியாகக் குழாய் விட முடியுமா என்று பாருங்கள்.

ஆனால் பெரிய குற்றவாளி இட்லிக் கொப்பரை இல்லை, உள்ளே காயப்போடும் துணி. ஒரு மெஷின் துணியிலிருந்து சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். ஓர் அறையை ஒதுக்கி, கதவை மூடி, ஈரம் உறிஞ்சும் கருவி வையுங்கள். பத்துப் பவுண்டுக்கு ஈரமானி கிடைக்கும். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அலமாரியை வடக்குச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மாவு புளிக்க: பாய்லர் அலமாரி. இல்லையென்றால் மின் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள்.

#20 ஆத்தங்கரை_அக்கா

வேறை சின்ன விசயங்கள்.

சூரியனைப் பாருங்கோ. டிசம்பர் நடுவிலை மதியம் சூரியன் வானத்திலை 10 பாகைதான் ஏறும், பகல் ஏழு மணித்தியாலம். பர்னம் மலை 404 மீற்றர், பர்னத்துக்குத் தெற்குப் பக்கமா நிக்குது. மலையடிக்குக் கிட்ட உள்ள வீட்டுக்குக் குளிர்காலத்திலை வெயில் விழுமோ எண்டு மதியம் நிண்டு பாக்க வேணும். ஜூனிலை போய்ப் பாத்தால் எல்லா வீடும் வடிவுதான்.

ஆத்துக்கரை உங்கடை காணியாய் இருந்தாலும் சாமன் மீன் பிடிக்கிற உரிமை உங்களுக்கு இல்லை. அது ஸ்காட்லாந்திலை தனிச் சொத்து, நிலத்திலை இருந்து பிரிச்சு விப்பினம். டேயிலை சாமன் காலம் ஜனவரி 15 இலை இருந்து ஒக்டோபர் 15. ஞாயிற்றுக்கிழமை சாமன் பிடிக்கிறது சட்டப்படி பிழை. மற்ற நாளிலை பெர்மிற் எடுத்தால் போதும். 1922-லை ஜோர்ஜினா பாலன்டைன் எண்ட பெண் பிடிச்ச 64 இறாத்தல் சாமன்தான் இண்டைக்கும் பிரித்தானியாவிலை தூண்டிலிலை பிடிச்சதிலை பெரிசு, அது இந்த ஆத்திலை, டன்கெல்டுக்குக் கொஞ்சம் கீழைதான்.

தோட்டத்திலை மரம் இருந்தால் பீவர் கடிக்கும். 2019 மே 1 இலை இருந்து அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, கை வைக்கேலாது. அடிமரத்தைச் சுத்தி ஒரு மீற்றர் உயரத்துக்குக் கம்பி வலை, மரத்தோடை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி.

கரையோரம் குடை மாதிரி வெள்ளைப் பூவோடை ஆளுயரத்துக்கு மேலை வளர்ற செடி ஜயன்ட் ஹொக்வீட். பால் தோலிலை பட்டு வெயில் பட்டால் கொப்புளம். பிள்ளையளுக்குக் காட்டிக் குடுங்கோ. புல்லுக்குள்ளை நடந்தால் உண்ணி பாக்க வேணும், முழங்காலுக்குப் பின்பக்கம், அக்குள், தலைமயிர் ஓரம்.

#21 சட்டப்புள்ளி

போக்குவரத்து, பள்ளி: தொடக்கப் பள்ளி ஊரிலேயே உண்டு, ராயல் ஸ்கூல் ஆஃப் டன்கெல்ட். மேல்நிலைக்கு வெளியூர் போக வேண்டும். 5 முதல் 21 வயது வரை ஸ்காட்லாந்து முழுக்கப் பேருந்து இலவசம், அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ரயில் நிலையம் பர்னம் பக்கம், 1856-ல் திறந்தது, பெர்த்துக்கு இருபது நிமிடத்துக்குள். ஆனால் வண்டிகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வர நேரமாகும். தினமும் அலுவலகம் போவதானால் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு வீட்டைப் பாருங்கள். பொறியாளர் டெல்ஃபோர்ட் கட்டிய 1809 பாலத்தில் நடந்து நிலையத்துக்கு வரும் நேரத்தையும் சேர்த்து.

குடியேறும் முதல் வாரம்: தீ எச்சரிக்கைக் கருவி. 2022 பிப்ரவரி முதல் எல்லா வீட்டுக்கும் சட்டம். அதிகம் புழங்கும் அறையில் ஒன்று, ஒவ்வொரு தளத்தின் நடைபாதையிலும் ஒன்று, சமையலறையில் வெப்பக் கருவி, எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து ஒலிக்கணும். விறகடுப்போ பாய்லரோ இருந்தால் கார்பன் மோனாக்ஸைடு கருவியும். தாளிக்கும்போது அலறுவது தவறான இடத்தில் மாட்டிய புகைக் கருவி. சமையலறைக்கு வெப்பக் கருவிதான், புகைக் கருவி இல்லை.

#22 கரையோரம்

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு வரிசை: சொலிசிட்டரிடம் சென்னை ஃபிளாட், வெள்ள வரைபடத்தின் இரண்டு படலம், இன்சூரன்ஸ் மேற்கோள், ஊசி விற்காத சர்வேயர், பிறகு இரண்டாம் முறை வீடு பார்ப்பது. சுவர்க்கோழி, தட்டிப் பார்க்க மேற்குச் சுவர் மட்டும் போதுமா?

#23 சுவர்க்கோழி

மேற்கும் தெற்கும், மழை அங்கேதான் அடிக்கும். மழை நாளாகப் பார்த்துப் போங்கள், குடை எடுத்துக்கொண்டு. ரோன் எங்கே வழிகிறது என்று வெளியே நின்று பத்து நிமிடம் பாருங்கள். பிறகு உள்ளே போய் அதே இடத்துக்கு நேர் உள்பக்கம் கையை வையுங்கள்.